கொசுறுக்கு என்ன விலை?

வெம்பாக்கம், ஆரணி, செய்யாறு பக்கத்திலிருந்து இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஓடிடிக்கு ஏன் இவ்வளவு காசு, காசு கொடுத்த பிறகும் ஏன் விளம்பரம்? ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்ததால் தொழிலும் ஊரும் மட்டும்.

கே: ரீசார்ஜ் பண்ணினால் ஓடிடி இலவசம் என்று போன் கடைக்காரர் சொல்கிறார். நிஜமாகவே இலவசமா?
— மளிகைக் கடைக்காரர், வெம்பாக்கம்

ப: உங்கள் கடையில் காய் வாங்குகிறவருக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறாகப் போடுகிறீர்கள். விடியற்காலையில் மார்க்கெட்டில் அந்தக் கட்டை யார் காசில் எடுத்தீர்கள்? கத்தரிக்காய் விலைக்குள்தானே கறிவேப்பிலையும் உட்கார்ந்திருக்கிறது! இதுவும் அப்படியே. ஒரே அளவு டேட்டா தரும் இரண்டு பேக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஓடிடி உண்டு, மற்றதில் கிடையாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொசுறின் விலை.

இன்னொரு கணக்கும் போடுங்கள். 2024 ஜூலையில் ஜியோவின் 239 ரூபாய் பேக் 299 ஆனது. அது 28 நாள் பேக். வருஷத்துக்கு 12 தடவை போட்டால் போதாது, 13 தடவை போட வேண்டும். 60 ரூபாய் ஏற்றம் வருஷத்தில் 780 ரூபாய் ஆகிவிடும். 30 நாள் செல்லும் பேக் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டிருக்கிறது. கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். கேளுங்கள்.

கே: ஓடிடிக்கு நல்ல தமிழ்ச் சொல் உண்டா?
— தமிழாசிரியை, தூசி

ப: 'ஓவர் த டாப்' என்பதன் சுருக்கம் அது. கேபிள்காரரையும் டிஷ்காரரையும் தாண்டி, இணையத்தின் வழியாக நேரே வீட்டுக்கு வருவது. 'இணையத்திரை' என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் வாயில் நிற்கிறதா என்று தெரியும். எனக்கு ஓடிடி என்ற சொல்லோடு சண்டை இல்லை. புரியாத விலையோடுதான் சண்டை.

கே: ஒரே நாளில் நெட்பிளிக்ஸ் விலையைக் குறைத்தது, அமேசான் பிரைம் விலையை ஏற்றியது என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரே தொழில், ஒரே நாடு, ஒரே நாள். எப்படி?
— வணிகவியல் மாணவி, செய்யாறு

ப: நல்ல கேள்வி, தங்கச்சி. அந்த நாள் 2021 டிசம்பர் 14. நெட்பிளிக்ஸ் தன் மொபைல் திட்டத்தை 199-லிருந்து 149-க்கும், பேசிக் திட்டத்தை 499-லிருந்து 199-க்கும் இறக்கியது. அன்றைக்கே பிரைம் வருஷச் சந்தா 999-லிருந்து 1,499-க்குப் போனது.

இருவரும் ஒரே மாடிப்படியில் எதிரெதிராக வந்தவர்கள். நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 500, 650, 800 என்று மூன்று விலை வைத்தது. நம் பக்கத்து நிலவரம் என்ன? 2011-லேயே அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்துவிட்டது. 70 ரூபாய்க்குச் சீரியலும் சினிமாவும் செய்தியும் பார்த்துப் பழகிய வீட்டில் 500 ரூபாய் என்றால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? பெருநகரத்தில் ஆங்கிலத் தொடர் பார்க்கிற வீடுகள் வாங்கின. பாலில் மேலே மிதக்கிற ஆடையை முதலில் எடுப்பது இந்த உத்தி. உங்கள் பாடத்தில் 'ஸ்கிம்மிங்' என்று இருக்கும். ஆடை தீர்ந்ததும் கீழே உள்ள பாலுக்கு இறங்கி வர வேண்டும். 2019-ல் போனில் மட்டும் பார்க்க 199 ரூபாய்த் திட்டம் கொண்டுவந்தார்கள். அதுவும் போதாமல்தான் 2021-ல் அந்தப் பெரிய இறக்கம்.

அமேசான் கீழ்ப்படியில் தொடங்கியது. 2016-ல் பிரைமுக்கு அறிமுக விலை வருஷத்துக்கே 499 ரூபாய். பார்சல் சீக்கிரம் வரும், கூடவே படமும் பார்க்கலாம். வீடு பழகியது. 2017-ல் 999, 2021-ல் 1,499. இது 'பெனிட்ரேஷன்'. கதவைத் திறக்க ஒரு விலை, உள்ளே உட்கார்ந்த பிறகு வேறு விலை. பரீட்சையில் இந்த இரண்டையும் எழுதினால் புத்தகத்தில் இருக்கும் உதாரணத்தை விட நன்றாக இருக்கும். அமேசான் படியேறும் கதை இன்னும் முடியவில்லை. கீழே இன்னொருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன்.

கே: 149, 199, 499, 899. ஏன் எல்லாமே ஒன்பதில் முடிகிறது?
— ஆட்டோ ஓட்டுநர், மாமண்டூர்

ப: பாட்டா செருப்புக் கடையில் உங்கள் அப்பா பார்த்த அதே ஒன்பதுதான், அண்ணா. 149-ஐ நம் கண் நூறு பக்கத்தில் நிறுத்துகிறது, கை மட்டும் நூற்றைம்பதை எடுத்துக் கொடுக்கிறது. இன்னொரு தகவல்: அந்த 149-க்குள் 18 சதவீத ஜிஎஸ்டியும் இருக்கிறது. ஏறக்குறைய 23 ரூபாய் வரி, 126 ரூபாய் கம்பெனிக்கு.

கே: ஜியோஹாட்ஸ்டாரில் 299 என்று இரண்டு இடத்தில் பார்த்தேன். எது எது என்று குழம்பிவிட்டேன்.
— பட்டுக் கடை விற்பனையாளர், ஆரணி

ப: குழம்பியது உங்கள் தப்பில்லை. 2025 பிப்ரவரி 14-ல் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகித் தொடங்கியபோது போட்ட பட்டியல் இது. 'சூப்பர்' திட்டம் மூன்று மாதத்துக்கு 299, விளம்பரம் வரும். 'பிரீமியம்' ஒரு மாதத்துக்கு 299, விளம்பரம் கிடையாது, நேரடி ஆட்டங்களில் மட்டும் வரும். அதே பிரீமியம் மூன்று மாதத்துக்கு 499.

ஒரு மாதம் 299, மூன்று மாதம் 499. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு மாதத் திட்டத்தை யார் வாங்குவார்கள்? அது விற்பதற்காக வைத்த விலை இல்லை. பக்கத்தில் உள்ளதை மலிவாகக் காட்டுவதற்காக வைத்தது. உங்களுக்குத் தெரியாததா இது? கல்யாணப் பெண்ணோடு வருகிறவர்களுக்கு நாற்பதாயிரம் ரூபாய்ச் சேலையை முதலில் விரித்துப் போடுவீர்கள். அப்புறம் பதினெட்டாயிரம் ரூபாய்ச் சேலையை எடுத்தால் அம்மா முகத்தில் ஒரு நிம்மதி வரும். ஆனால் உங்கள் கடையில் ஒரு நேர்மை உண்டு. நாற்பதாயிரத்தில் ஜரிகை கனம் கூட, முந்தி வேலை கூட. விரலால் தொட்டுப் பார்த்தால் தெரியும். திரையில் தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. அதனால் மாதக் கணக்கா, மூன்று மாதமா, வருஷமா என்று முதலில் படியுங்கள், தொகையை அப்புறம் பாருங்கள்.

கே: ஐபிஎல்லை 2023-ல் சும்மா காட்டினார்கள். கடையில் கூட்டம் அள்ளியது. இப்போது காசு கேட்கிறார்கள். அன்றைக்கு எப்படிக் கட்டுப்படியானது?
— டீக்கடைக்காரர், பிரம்மதேசம்

ப: கட்டுப்படியாக வேண்டும் என்று அன்றைக்கு யாரும் காட்டவில்லை. 2022 ஜூனில் நடந்த ஏலத்தில் ஐந்து வருஷ ஐபிஎல்லின் இணைய உரிமையை ரிலையன்ஸ் பக்கத்து வயாகாம்18 கம்பெனி 23,758 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அவ்வளவு கொட்டியவர்கள் 2023-ல் ஜியோசினிமாவில் ஒரு பைசா வாங்காமல் காட்டினார்கள். இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் மூன்று கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

எதிரில் இருந்தது ஹாட்ஸ்டார். கிரிக்கெட்டுக்காகவே சந்தா கட்டியவர்கள் அங்கே கோடிக்கணக்கில் இருந்தார்கள். 2022 அக்டோபரில் ஆறு கோடியைத் தாண்டியிருந்த சந்தாதாரர் எண்ணிக்கை ஒரே வருஷத்தில் நாலு கோடிக்குக் கீழே இறங்கியது. அவர்களும் விடவில்லை. 2023 ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் போனில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நவம்பர் 19 இறுதி ஆட்டத்தில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர். நாம் தோற்ற அந்த ராத்திரி உங்கள் கடை பெஞ்சில் யாரும் பேசாமல் உட்கார்ந்திருந்திருப்பார்கள்.

எதிரெதிரே இருக்கிற இரண்டு டீக்கடை ஒருவருக்கொருவர் போட்டி போட்டுக்கொண்டு சும்மா டீ ஊற்றினால் எத்தனை நாள் தாங்கும்? கடைசியில் ஒன்று மூட வேண்டும், இல்லையென்றால் இரண்டும் ஒன்றாக வேண்டும். 2024 நவம்பரில் இரண்டு கம்பெனிகளும் இணைந்தன. 2025 ஐபிஎல்லை முழுதாகப் பார்க்க சந்தா கேட்டார்கள். ஜியோவில் 299 ரூபாய்க்கோ அதற்கு மேலோ ரீசார்ஜ் செய்தவர்களுக்கு 90 நாள் சேர்த்துக் கொடுத்தார்கள். 2024-ல் ஏறிய அதே 299 என்பதைக் கவனித்தீர்களா? சும்மா ஊற்றிய டீயின் கணக்கு இப்படி வேறு வாசல் வழியாக வந்து சேர்கிறது. தெருவில் ஒரே டீக்கடை ஆன பிறகு டம்ளர் சின்னதாகும் என்பதுதான் என் கவலை.

கே: காசும் வாங்கிக்கொண்டு விளம்பரமும் போடுகிறார்களே, இது என்ன நியாயம்?
— ஓய்வுபெற்ற தாலுகா அலுவலக ஊழியர், வெம்பாக்கம்

ப: நியாயம் இல்லை, ஐயா. அந்த 1,499 ரூபாய் பிரைமில் 2025 ஜூன் 17 முதல் விளம்பரம் வர ஆரம்பித்தது. வேண்டாம் என்றால் மாதம் 129, அல்லது வருஷம் 699 கூடுதலாகக் கட்ட வேண்டும். 1,499-உம் 699-உம் 2,198. 2016-ல் 499 ரூபாய்க்கு விளம்பரம் இல்லாமல் கிடைத்தது, ஒன்பது வருஷத்தில் நாலு மடங்கைத் தாண்டிவிட்டது. விலையை ஏற்றினால் ஜனங்கள் கோபப்படுவார்கள். விலை அப்படியே இருக்க, பொருளில் கொஞ்சம் எடுத்துவிட்டு, எடுத்ததைத் தனியாக விற்றால் கோபம் பாதியாகிவிடும். பிஸ்கட் பாக்கெட் எடை குறைந்த கதைதான்.

டிவிக்காவது ஒரு வரம்பு எழுத்தில் இருக்கிறது. 1994-ன் கேபிள் டிவி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் 10 நிமிஷம் விளம்பரம், 2 நிமிஷம் சேனலின் சொந்த விளம்பரம். அந்த 12 நிமிஷத்தை எல்லோரும் மதிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, வழக்கே நடந்தது. ஆனால் எழுத்து இருப்பதால்தான் வழக்குப் போட முடிந்தது. ஓடிடிக்கு அந்த எழுத்துகூட இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் டிவி பார்க்கிறவர் அந்த வரம்பின்படி வருஷத்துக்கு 146 மணி நேரம் விளம்பரம் பார்க்கிறார். ஆறு பகல், ஆறு இரவு. அந்த நேரத்தைத்தான் உங்களிடமிருந்து வாங்கி, ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று விளம்பரதாரருக்கு விற்கிறார்கள். விற்கிற சரக்கு உங்களுடையது என்பதால், மணிக்கு எத்தனை நிமிஷம் என்று முன்கூட்டியே விலைப்பட்டியலில் எழுது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கே: அமெரிக்காவில் இருக்கிற தம்பி கட்டுவதில் கால்வாசி விலைக்கு அதே படத்தை நான் இங்கே பார்க்கிறேன். ஆளுக்கொரு விலை வைத்து அவர்கள் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார்கள். நம் பட்டுக்கு மட்டும் அப்படி வைக்க முடியவில்லையே, ஏன்?
— பட்டு நெசவாளர், ஒண்ணுபுரம்

ப: இந்தக் கேள்வியை இரண்டு நாள் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

2019 நவம்பரில் ஆப்பிள் தன் டிவி சேவையை அமெரிக்காவில் 4.99 டாலருக்குத் தொடங்கியது. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 350 ரூபாய். அதே நாளில் இந்தியாவில் விலை 99 ரூபாய். கருணை இல்லை அது. ஒரு தொடர் எடுத்து முடித்த பிறகு அதை இன்னொரு வீட்டுக்குக் காட்ட ஆகும் செலவு கொஞ்சமே கொஞ்சம். கோடியாவது ஆளிடம் 99 வாங்கினாலும் அதில் பெரும்பங்கு மிச்சம்தான். அதனால் அங்கே தாங்குகிற விலை ஒன்று, இங்கே தாங்குகிற விலை இன்னொன்று.

உங்கள் தறியில் அப்படியா? ஒரு பாவில் மூன்று சேலை. முதல் சேலை அறுத்ததும் இரண்டாவது தானாக வருமா? ஒவ்வொன்றுக்கும் மறுபடி அத்தனை கிராம் பட்டு, அத்தனை கிராம் ஜரிகை, அத்தனை நாள் மிதி. கோர்வை போட்டால் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். ஒரு சேலை கூட விற்றால் உங்கள் உடம்பில் அத்தனை நாள் கூடச் செலவு. படத்தின் இரண்டாவது பிரதிக்குக் கூலி இல்லை. சேலைக்கு ஒவ்வொன்றும் முதல் பிரதி. அதனால் 'மலிவாகக் கொடுத்து ஆளைச் சேர், அப்புறம் ஏற்று' என்ற வித்தை நம் தொழிலில் நடக்காது. நடத்திப் பார்த்த கடைகள் கூலியில்தான் கை வைத்தன. விலையைக் குறைத்து விற்க யாராவது யோசனை சொன்னால், யார் கூலியில் குறையும் என்று அந்த இடத்திலேயே கேளுங்கள்.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. யார் வாங்குகிறார்கள், எந்த ஊர், எந்த மாதம் என்று அவர்களுக்கு ஆள் ஆளாகத் தெரியும். உங்கள் சேலை எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனது என்று உங்களுக்குத் தெரிவதில்லை. அந்தத் தகவல் நடுவில் நின்றுவிடுகிறது, லாபமும் அங்கேயே நின்றுவிடுகிறது.

கே: சொந்தமாக பட்டுச் சேலை விற்கிறேன். பெரிய கடைகள்போல நானும் வீடியோவில் விளம்பரம் கொடுக்க முடியுமா?
— சிறு வியாபாரி, முள்ளிப்பட்டு

ப: தாராளமாக. யூடியூபில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செலவு என்று நீங்களே வரம்பு போடலாம், எந்த ஊர்க்காரர் பார்க்க வேண்டும் என்றும் தேர்ந்தெடுக்கலாம். ஐந்து விநாடியில் 'ஸ்கிப்' வரும் விளம்பரத்தில் ஒரு நல்ல சங்கதி: பார்க்கிறவர் 30 விநாடி பார்த்தால், அல்லது விளம்பரம் அதை விடச் சின்னது என்றால் முழுக்கப் பார்த்தால், அல்லது தொட்டு உள்ளே வந்தால்தான் உங்களுக்குக் காசு போகும். தாண்டிப் போனவருக்குக் காசு இல்லை. ஆகவே முதல் ஐந்து விநாடிக்குள் ஊர்ப் பெயரையும் விலையையும் சொல்லிவிடுங்கள். தாண்டிப் போகிறவர்கூட 'ஆரணிப் பட்டு' என்ற சொல்லைச் சும்மா கேட்டுவிட்டுப் போகட்டும்.

நடிகை, குத்துவிளக்கு, தங்கப் பின்னணி எதுவும் வேண்டாம். தறியில் முந்தி இறங்குகிற இடத்தைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். நாடா சத்தம் கேட்கட்டும், பாட்டுப் போடாதீர்கள். மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் சீட்டைக் கடைசியில் காட்டுங்கள். மார்கழித் தொடக்கத்திலேயே செலவு பண்ணாதீர்கள், தைக்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பியுங்கள்.

கே: என் மச்சான் பாஸ்வேர்டில் நாங்கள் மூன்று வீட்டார் பார்த்தோம். இப்போது நின்றுவிட்டது.
— சிப்காட் தொழிலாளி, செய்யாறு

ப: 2023 ஜூலையில் நெட்பிளிக்ஸ் இங்கே கதவைச் சாத்தியது. ஒரு சந்தா, ஒரு வீடு என்கிறார்கள். பழகுகிற வரைக்கும் பகிர்வதைக் கண்டுகொள்ளாமல் இருந்ததும் வியாபாரம்தான், இப்போது சாத்துவதும் வியாபாரம்தான். மச்சான் உறவு அதனால் விட்டுப்போகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டாரும் அவர் வீட்டிலேயே கூடிப் பாருங்களேன்.

கே: நான் ரத்து செய்ய மறந்த ஒரு ஆப் எட்டு மாதமாகக் காசு எடுத்திருக்கிறது. கணவருக்குத் தெரியாது. என்ன செய்ய?
— இல்லத்தரசி, தேவிகாபுரம்

ப: முதலில் கணவரிடம் சொல்லுங்கள், அம்மா. இது உங்கள் குற்றம் இல்லை. எனக்கும் நடந்தது. ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் என்று ஒரு ஆப்பில் சேர்ந்தேன். எட்டாவது நாள் முழுச் சந்தா போனது. ரத்து செய்யும் பொத்தானைத் தேடி மூன்று திரை தாண்டினேன். ஒவ்வொரு திரையிலும் 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. சேரும்போது அது ஒரு தடவைகூட அப்படிக் கேட்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: எந்த யுபிஐ ஆப்பில் பணம் போகிறதோ, அதில் 'ஆட்டோபே' என்ற இடத்துக்குப் போங்கள். நீங்கள் அனுமதி கொடுத்த எல்லாச் சந்தாவும் அங்கே வரிசையாக இருக்கும். ஓடிடி ஆப்பைத் தேடி அலையாமல் அங்கேயே நிறுத்தலாம். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கட்டாயமாக்கிய விதி ஒன்று உண்டு: இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ் வருகிறதா என்று பாருங்கள். விளம்பர எஸ்எம்எஸ் குவியலில் அது மூழ்கிப்போகிறது, அதனால் தேதியைக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள்.

சேருவது சுலபம், விலகுவது கஷ்டம் என்று வைப்பதற்குச் சட்டத்தில் இப்போது பெயரே இருக்கிறது: சந்தாப் பொறி. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் அதுவும் ஒன்று. 1915 என்ற எண்ணுக்குப் போன் பண்ணிப் புகார் கொடுங்கள். தமிழிலேயே பேசுங்கள்.

கே: கிரிக்கெட் பார்க்கிற பையன் விளம்பரத்தைப் பார்த்து ரம்மி ஆட ஆரம்பித்தான். பணம் போனது. அந்த விளம்பரத்தில் நடித்தவர்களுக்கு மனசாட்சி இல்லையா?
— ஒரு தாய், வந்தவாசி

ப: உங்கள் கடிதத்தைப் படித்து வயிறு கலங்கியது. ஆட்டம் இலவசமாக வந்த வருஷங்களில் அந்த இலவசத்துக்குக் காசு கொடுத்தவர்களில் சூதாட்டக் கம்பெனிகளும் இருந்தார்கள். உங்கள் வீட்டில் அந்த விலை கட்டப்பட்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்துவிட்டது. பையனைத் திட்டாதீர்கள். விளம்பரத்தில் வந்த முகங்கள் அவன் வயதில் எல்லோரும் நம்புகிற முகங்கள்.

கே: டிடிஎச்சில் படம் விட முதலில் முயன்றது கமல் என்கிறேன் நான். நண்பன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான்.
— சினிமா ரசிகர், போளூர்

ப: நண்பரிடம் இதைக் காட்டுங்கள். 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு முதல் நாள் டிடிஎச்சில் காட்ட கமல்ஹாசன் திட்டம் போட்டார். விலை 1,000 ரூபாய். எட்டுப் பேர் கூடிப் பார்த்தால் ஆளுக்கு 125 ரூபாய்தான். ஆனால் ஒற்றைத் தொகையாகக் கேட்டபோது மலைப்பாக இருந்தது. தியேட்டர் உரிமையாளர்கள் எதிர்த்தார்கள், நினைத்தபடி நடக்கவில்லை. 2015-ல் சேரன் நேர் எதிராகப் போனார். 'சினிமா டூ ஹோம்' என்று தொடங்கி 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 50 ரூபாய் டிவிடியாக வீட்டுக்கே அனுப்பினார். அதுவும் நிலைக்கவில்லை. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேராக பிரைமில் வந்தபோது மறுபடி அதே எதிர்ப்பு. ஆனால் அப்போது தியேட்டர்கள் பூட்டிக் கிடந்தன, போனில் டேட்டா இருந்தது. கமலும் சேரனும் காலத்துக்கு முன்னால் வந்துவிட்டார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. அவர்களில் ஒருவர் ஜெயித்திருந்தால் தமிழ்ப் படத்தின் வீட்டு விலையைத் தமிழ் சினிமாவே வைத்திருக்கும்.

கே: டெலிகிராமில் எல்லாப் படமும் சும்மா கிடைக்கிறதே?
— கல்லூரி மாணவர், ஆரணி

ப: ஆரணிச் சேலையின் டிசைனைப் பார்த்து விசைத்தறியில் பாலியஸ்டரில் அடித்து 'பட்டு' என்று விற்கிறவரை உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள், தம்பி? அதே சொல்தான். படத்தைத் திருடிப் பதிவு செய்பவருக்கு 2023 திரைப்படத் திருத்தச் சட்டத்தில் மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை ஜெயில்.

கே: தறியில் உட்கார்ந்தால் பாட்டுக் கேட்டுத்தான் பழக்கம். யூடியூபில் இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை விளம்பரம் கத்துகிறது. என்ன வழி?
— பட்டு நெசவாளர், வெம்பாக்கம்

ப: உங்கள் தெருவுக்கு வந்திருக்கிறேன். தறிமரத்தில் ஒரு துணிப்பை தொங்கும், அதற்குள் போன் பாடும். கால் மிதியில், ஒரு கை நாடாக் கயிற்றில், இன்னொரு கை பலகையில். பாட்டு முடிந்ததும் இன்சூரன்ஸ்காரர் இரண்டு மடங்கு சத்தத்தில் கூப்பிடுவார். தாண்ட வேண்டுமென்றால் கையை எடுக்க வேண்டும். நடுவில் கை நின்று மறுபடி பலகை விழும்போது அடி சீராக விழாது, அந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். சேலையை மடித்து எடுத்துப் போகும்போது முதலாளி அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பார். ஐந்து விநாடி விளம்பரத்துக்கு உங்கள் வீட்டில் ஆகும் விலை அந்தக் கம்பெனியின் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

யூடியூப் பிரீமியம் 2019-ல் மாதம் 129 ரூபாய்க்கு வந்தது, 2024 ஆகஸ்டில் 149 ஆனது. விளம்பரம் இராது, திரையை அணைத்தாலும் பாடும். அந்த இரண்டாவது வசதி உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் நீங்கள் பார்ப்பதே இல்லை, கேட்கிறீர்கள். 2025-ல் 89 ரூபாய்க்கு 'லைட்' என்று ஒன்று வந்தது. அதை வாங்கிவிடாதீர்கள். பாட்டு வீடியோக்களுக்கு அதில் விளம்பர விலக்கு கிடையாது, திரை அணைந்தால் பாடாது.

ஆனால் நீங்கள் 149 கட்ட வேண்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' ஆப்பில் வானொலி நிலையங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. விவித பாரதி 1967 முதல் விளம்பரம் போடுகிறது. ஆனாலும் அறிவிப்பாளர் குரலோடு, பாட்டுக்கு இணையான சத்தத்தில் வரும், கையை எடுக்கச் சொல்லாது. உங்கள் அப்பா இலங்கை வானொலி கேட்டு நெய்தவராக இருந்தால், அவருக்கு விளம்பரமும் மனப்பாடம் ஆகியிருக்கும்.

கே: ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும். வேலை இல்லை, கூலி இல்லை. பிள்ளைகளுக்கும் பள்ளி லீவு. அவர்கள் படம் கேட்பது அப்போதுதான், கையில் காசு இல்லாததும் அப்போதுதான்.
— தார் சுற்றும் பெண், வெம்பாக்கம்

ப: அம்மா, புரட்டாசியில் கூலி கைக்கு வரும்போதே ஒரே ஒரு திட்டத்தை மூன்று மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். மார்கழி வரை வரும். எது என்று பிள்ளைகளைக் கேளுங்கள், ஒன்றுதான் என்று சொல்லிக் கேளுங்கள். பணம் கட்டும்போது ஆட்டோபேக்குச் சம்மதம் கொடுக்காதீர்கள். கேட்டால்கூட வேண்டாம் என்று தொட்டுவிட்டு, ஒரு தடவைக்கு மட்டும் கட்டுங்கள். தூர்தர்ஷன்காரர்கள் 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' ஆப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குச் சந்தா இல்லாமலே நிறையப் பார்க்கலாம். மழையில் கரண்ட் போகும் என்பதால், படங்களை முன்கூட்டியே போனில் 'டவுன்லோட்' செய்து வைக்கப் பெரிய பையனிடம் சொல்லுங்கள்.

குழி காய்ந்து தறி ஓட ஆரம்பித்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். எந்தப் படம் பிடித்தது என்று பிள்ளைகள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.